விண்ணப்பத்தில் ஜீப் வாடகையையும் எழுதுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கேத்திப் பக்கம் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் பிள்ளைகள் போன மாதம் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லோரும் என்னிடம் படித்தவர்கள்தான், பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு கம்பெனியின் அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பம். 22 பக்கம், முழுக்க ஆங்கிலம். எழுதிக் கொடுத்தவர் வெளியூர்க்காரர். பணம் வந்தால் நூற்றுக்குப் பத்து அவருக்காம். ஒன்பதாம் பக்கத்தில் ‘கடலோர மீனவக் குழந்தைகள்’ என்று இருந்தது! ஆறாயிரம் அடிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் நமக்கு ஏது கடலோரம்? வேறு எந்த ஊருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதைவிட எனக்கு உறுத்தியது செலவுக் கணக்குப் பக்கம். 20 டேப்லெட், ஒரு புரொஜெக்டர், ஒரு ஸ்மார்ட் போர்டு. அந்த மையத்துக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆறு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஏன் என்று அந்த 22 பக்கத்தில் ஒரு வரி இல்லை. நமக்கெல்லாம் தெரிந்த காரணம்தான். இருட்டினால் தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் காட்டெருமை நிற்கும், சில நாள் கரடி. இலை பறித்துவிட்டு, கேரட் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வீடு திரும்பும் அம்மா, மறுபடி மேடு ஏறி வந்து பிள்ளையைக் கூட்டிப்போக முடியுமா? ஏழரைக்கு ஒரு ஜீப் நின்றால் எல்லாப் பிள்ளைகளும் முழு நேரம் உட்கார்ந்து படிப்பார்கள்.

“ஜீப் வாடகையை ஏன்டா எழுதல?” என்று கேட்டேன்.

“அதுக்கெல்லாம் தரமாட்டாங்களாம் டீச்சர். டேப்லெட்னா தருவாங்களாம்.”

கொடுப்பவருக்குப் பிடித்ததை நம் தேவை என்று எழுதிக் கொடுக்கும் இந்தப் பழக்கம் கூடாது என்பது என் கருத்து. பணம் கிடைக்காமல் போனால் கவலையில்லை. கிடைத்துவிட்டால்தான் சங்கடம். 20 டேப்லெட்டும் பீரோவில் இருக்கும், பிள்ளைகள் ஆறு மணிக்கே கிளம்புவார்கள், வருடக் கடைசியில் ‘பயன் பெற்றோர்’ கட்டத்தில் ஏதாவது ஓர் எண்ணை நிரப்ப வேண்டும். அங்கேதான் நல்ல பிள்ளைகளும் பொய்க்கணக்கு எழுதப் பழகுகிறார்கள்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்ற ஊரில் 1914ல் பிரடெரிக் காஃப் என்ற வங்கிக்காரர் ஒரு யோசனை செய்தார். ஊர்க்காரர்கள் விட்டுச்செல்லும் பணத்தையெல்லாம் ஒரே நிதியாகச் சேர்த்து, எதற்குக் கொடுப்பது என்பதை அந்த ஊர் ஆட்களின் குழுவே முடிவு செய்வது. சமுதாய அறக்கட்டளை என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்துதான். நம் நாட்டிலும் 1991ல் பம்பாயில் அப்படி ஒன்று வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், கொடுப்பவருக்கு ஊர்ப்பாதை தெரியும் என்பது. நாம் கேட்கப்போவதோ சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் அலுவலகத்தில். அங்கே இருப்பவருக்குக் காட்டெருமை தெரியாது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தானே விண்ணப்பம்?

எனவே அந்தப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து எண்ணச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாதத்துக்கு, தினமும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஆறு மணிக்குப் போனார்கள், எந்த லைன் வீட்டுக்கு எவ்வளவு தூரம். அந்த நோட்டின் இரண்டு பக்கம் அந்த 22 பக்கத்தைவிடப் பேசும். அப்படியும் ஜீப்புக்குத் தர மறுத்தால்? ஜீப்பை நாம் பார்த்துக்கொள்வோம், ஆசிரியர் சம்பளத்தை அவர்களிடம் கேட்போம். ஹெத்தே ஹப்பாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு வசூலிக்கும் ஊர்களுக்கு ஒரு ஜீப் வாடகை பெரிய பாரமா?

கூடலூரைப் பாருங்கள். ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் அஸ்வினி அமைப்பு 1992ல் மருத்துவக் காப்பீடு தொடங்கியபோது வெளி உதவியும் இருந்தது. ஆனாலும் சங்கக் குடும்பங்களிடம் ஒரு சிறு தொகை வாங்கினார்கள். ஏழைகளிடமா வாங்குவது என்று கேட்கலாம். தன் காசு உள்ளே இருந்தால்தானே அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கத் தோன்றும்? அரசின் நமக்கு நாமே திட்டத்திலும் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் முதலில் கட்ட வேண்டும்.

இன்னொன்று. இவர்கள் சங்கம் பதிவாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தை இப்படிப்பட்ட ஒரு சங்கம் வாங்க, மூன்று வருடச் செயல்பாடு காட்ட வேண்டும். 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் எண் வாங்கியிருக்க வேண்டும். அதாவது இந்த வருடம் அவர்களுக்குத் தகுதியே இல்லை. பத்து சதவீதக்காரர் இதைச் சொன்னாரா? இல்லை, முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டார். விண்ணப்பம் எழுத உதவுகிறவருக்கு உழைப்புக்கேற்ற கூலி கொடுங்கள், தப்பில்லை. வரும் நிதியில் பங்கு என்பது தரகு. எந்த நல்ல அறக்கட்டளையும் அதை ஏற்காது.

ஆகவே அவர்களுக்கு நான் சொன்னது, இந்த ஒரு வருடம் பெரிய கதவைத் தட்ட வேண்டாம். பொதுக்குழுவைக் கூட்டி மினிட்ஸ் எழுதுங்கள், கணக்கைத் தணிக்கை செய்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள், சங்கத்தின் பணம் தலைவரின் ஜி-பேயில் வரக்கூடாது. (இதைச் சொன்னதும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.) சின்னத் தொகை கொடுக்கும் உள்ளூர் ரோட்டரி, தனியார் டிரஸ்டுகளிடம் ஜீப்பையும் சேர்த்தே கேளுங்கள்.

கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இரண்டு மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் ஒன்று. விண்ணப்பத்தைத் தமிழில் வாங்கினால் என்ன குறைந்துபோகும்? பத்தாயிரம் ரூபாய்க்கும் பத்து லட்சத்துக்கும் ஒரே படிவம் எதற்கு? ஆங்கிலம் நன்றாக எழுதுகிறவனுக்குத்தான் பணம் என்றால், நீங்கள் தேர்வு செய்வது சேவையை அல்ல, கட்டுரையை. நான் 30 வருடம் கட்டுரை திருத்தியவள், அதன் மதிப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து “நான் அனுப்புகிறேன் டீச்சர்” என்று எழுதும் பிள்ளைகளே, அவசரப்படாதீர்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நிதிதான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொட்டால் மாட்டிக்கொள்ளும். தெரிந்த வேறொரு டிரஸ்டுக்கு அனுப்பி அவர்கள் வழியாகக் கொடுப்பதையும் 2020 திருத்தம் அடைத்துவிட்டது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: சங்கத்துக்கு 80ஜி கிடைத்த பிறகும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை.

எண்ணும் நோட்டு இந்த மாதக் கடைசியில் முடியும். அதன்பின் ஜீப்புக்கு மாதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும், இங்கேயே போடுகிறேன். பங்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், வெளிநாட்டில் இருந்தால் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.