பழகுவது தமிழில், படிப்பது ஆங்கிலத்திலா?

திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் முறைமாறி உழைக்கும் நம் பெண்மக்களுள், வறுமையால் செவிலியர் படிப்பைக் கைவிட்டோர் இலரோ? மருத்துவமனையில் ஊதியம் பெற்றுப் பழகியவாறே பட்டமும் பெறும் வழி அன்னார்க்கு ஏற்றது. பழகுநர் பயிற்சியொடு கூடிய பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழக நல்கைக்குழு 2020-இல் நெறிமுறை வகுத்தது. அவ்வழி மருத்துவப் பணிக்கும் அகலத் திறக்கட்டும்!

ஆயின், வாயிலில் ஆங்கிலம் ஏன் காவல் நிற்கிறது? இயந்திரத்தில் கைநசுங்கியவன் தமிழில் அலறுகிறான். மருந்திடுபவள் தமிழில் தேற்றுகிறாள். செவிலியர் பட்டப்படிப்பின் பயிற்றுமொழியோ ஆங்கிலம்! பகலெல்லாம் உழைத்து இரவில் நூல் விரிப்பவள் நோயைக் கற்பாளா, அயன்மொழியைக் கற்பாளா?

தமிழில் மருத்துவம் இயலாதென்பார் யாழ்ப்பாணத்து மானிப்பாய் வரலாற்றைப் படிக்கட்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1864 முதல் ஆங்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். உடற்கூறு, அறுவை, மகப்பேற்று நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் இல்லையென்று அவர் கைகட்டி நிற்கவில்லை, ஆக்கிக்கொண்டார்.

அயலார் ஒருவர்க்கு இயன்றது, ஆட்சியும் மருத்துவப் பல்கலைக்கழகமும் உடைய நமக்கு இயலாதா? உழைத்துக் கற்பார்க்குப் பாடநூலும் தேர்வும் தமிழில் தருக! இஃது இரந்து பெறும் கொடையன்று, தாய்மொழி உரிமை. தமிழர்களே, கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்!