"எனக்கு டிராயிங் வராது"ன்னு யார் சொன்னது? (ஒரு சின்ன த்ரெட்)

1/ நெய்வேலி பெற்றோர்களுக்கு: டிராயிங் வராத குழந்தைன்னு ஒண்ணு கிடையாது. டிராயிங் பீரியடைக் கணக்கு டெஸ்டுக்குத் தூக்கிக் கொடுத்த பெரியவங்கதான் உண்டு.

2/ ஆதாரம்? எம்பிபிஎஸ் முதல் வருஷ ஹிஸ்டாலஜி ரெக்கார்டு. பிங்க் பென்சில், ஊதா பென்சில். மைக்ரோஸ்கோப்புல பார்த்ததை எல்லாரும் வரைஞ்சே ஆகணும். வரைய வரையத்தான் கிட்னி எது, லிவர் எதுன்னு பிடிபடும். இது கைராசி இல்ல, கண்ணுக்கான பயிற்சி.

3/ நரம்பு செல்களை வரைஞ்சு வரைஞ்சே ஆராய்ந்த ரமோன் இ கஹாலுக்கு 1906-ல் நோபல். சென்னை கவின்கலைக் கல்லூரியை 1850-ல் தொடங்கிவச்ச அலெக்சாண்டர் ஹண்டரும் ஒரு டாக்டர்தான்.

4/ ஆரம்பிக்க என்ன வேணும்? ஒரு பென்சில், பழைய நோட்டு, தினம் 15 நிமிஷம். வாசல்ல விழுந்த பலா இலையை எதிர்ல வச்சு, மனசுல இருக்கிற இலையை விட்டுட்டு, கண்ணுல தெரியறதை மட்டும் வரையணும். ரப்பர் வேண்டாம். கோணலா வரும். வரட்டும். பக்கத்துல நின்னு சிரிக்காதீங்க, அது போதும்.

5/ "இதுல மார்க் வருமா டாக்டர்?" வரும். 'படம் வரைந்து பாகங்களைக் குறி'ன்னு பயாலஜி பேப்பர்ல கேட்கிறாங்களே! வரையக் கத்துக்கிற பீரியடைப் பிடுங்கிட்டு, படத்துக்கு மார்க் போச்சேன்னு பிள்ளையைத் திட்டுறது என்ன நியாயம்?

6/ அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டிராயிங் பீரியட் நடக்குதா சார்?"