தொட்டிக்கும் உறை ஊத்தணும் பாஸ்!

மாரண்டஹள்ளியில உங்க வீடுன்னு வெச்சுக்குங்க. ரெண்டு வருஷமா ஹால் ஓரத்துல ஒரு 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி. உள்ளே நாலு கோல்டு ஃபிஷ். வளர்ந்து, திரும்பக்கூட இடமில்லாம முட்டிக்கிட்டு நிக்குதுங்க. பாவமேன்னு செமஸ்டர் லீவுல சேர்த்த காசை எடுத்துக்கிட்டு ஓசூர் போறீங்க. 100 லிட்டர் தொட்டி. பஸ்ஸுல ஏத்த கண்டக்டர் அண்ணன்கிட்ட கெஞ்சி, ராயக்கோட்டை வழியா மடியில வெச்சுத் தாங்கிக்கிட்டு வந்தாச்சு.

அப்புறம்தான் அந்த வேலையைச் செய்யறீங்க. பழைய கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் குழாயடியில போட்டு பளபளன்னு தேய்ச்சு, வெயில்ல காய வெச்சு, புதுத் தொட்டியில அடுக்கி, புதுத் தண்ணி ஊத்தி, மீனை விட்டாச்சு. ரெண்டு நாள் சூப்பர். பக்கத்து வீட்டுப் பசங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க. அஞ்சாம் நாள் தண்ணி அரிசி கழுவின மாதிரி ஆகுது. மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது. பத்தாம் நாள் ஒண்ணு மல்லாந்துடுச்சு. அம்மா, "கண்ணு பட்டிருச்சுடா"ங்கறாங்க. கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் கையில குடுத்து அனுப்பறார்.

கண்ணும் இல்லை, நோயும் இல்லை. குழாயடியில நீங்க கழுவி விட்டது அழுக்கை மட்டும் இல்லை, ரெண்டு வருஷமா அந்தத் தொட்டியைக் காப்பாத்திட்டு இருந்த பாக்டீரியாவையும்தான்!

விஷயம் இதுதான். மீன் தன்னோட கழிவுல பெரும்பகுதியை அம்மோனியாவா செவுள் வழியாவே தண்ணியில விட்டுடும். மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான். மீனுக்கு அது விஷம். ஒரு கூட்டம் பாக்டீரியா அதைத் தின்னுட்டு நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். இது ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கிக்கும், வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா போயிடும். உங்க அப்பா தக்காளிச் செடிக்கு யூரியா போடறார் இல்லையா? அது அம்மோனியாவாகி, நைட்ரேட்டாகி வேருக்குப் போறதும் மண்ணுல இருக்கற இதே வகை பாக்டீரியாவாலதான்.

மைக்ரோபயாலஜி படிக்கிற மக்களுக்கு ஒரு தகவல். நைட்ரைட்டை முடிச்சு வைக்கிறது நைட்ரோபாக்டர்னு பாடப்புத்தகத்துல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. 1998-ல் ஹோவனெக் குழு நன்னீர் மீன் தொட்டிகளை ஆராய்ஞ்சு பார்த்தப்போ, அந்த வேலையைச் செய்யறது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரான்னு தெரிஞ்சுது. 2015-ல் இன்னொரு ஆச்சரியம். அம்மோனியாவுல ஆரம்பிச்சு நைட்ரேட் வரைக்கும் மொத்த வேலையையும் தனியாளா முடிக்கிற நைட்ரோஸ்பைரா வகைகளை ரெண்டு குழுக்கள் ஒரே நேரத்துல 'நேச்சர்' இதழ்ல அறிவிச்சாங்க. அதுல ஒரு குழுவுக்கு அது கிடைச்ச இடம் மீன் பண்ணையோட ஃபில்டர்!

சரி, இதுங்க எங்கே குடியிருக்கு? இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. "பழைய தண்ணி பாதி ஊத்திட்டேன், போதும்"னு நினைப்பாங்க. தண்ணியில மிதக்கறது ரொம்பக் கொஞ்சம். ஸ்பாஞ்சு, கல்லு, கண்ணாடின்னு ஏதாவது ஒரு பரப்புல வழவழன்னு ஒட்டிக்கிட்டு வாழறதுதான் இதுங்களோட குணம். அதுலயும் தண்ணி ஓட்டமும் ஆக்சிஜனும் அதிகமா இருக்கற ஸ்பாஞ்சுதான் தலைநகரம். அந்தப் பழுப்பு நிற அசிங்கத்தைப் பார்த்து மூக்கைச் சுளிக்காதீங்க, அதுதான் உங்க உறைமோர்!

நிஜமாவே தயிர் கதைதான். பாலைக் காய்ச்சி எவ்வளவு நேரம் வெச்சாலும் உறை ஊத்தினாத்தான் ஒழுங்கா தோயும். ஒரே வித்தியாசம் வேகம். தயிர் ராத்திரியோட ராத்திரியா தோஞ்சுடும். இந்த ஆளுங்க சோம்பேறிங்க. வேகமா வளர்ற பாக்டீரியா சுமார் இருபது நிமிஷத்துல ரெண்டா பிரியும்னா, இதுங்களுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலேயே ஆகும். அதனாலதான் வெறும் தொட்டியில இருந்து ஆரம்பிச்சா நாலுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் இழுக்குது. உறை இருந்தா சில நாள்லயே தேறிடலாம்.

ஆக, மாத்தற அன்னிக்கு என்ன செய்யணும்? பழைய ஃபில்டரை அப்படியே தூக்கிப் புதுத் தொட்டியில போட்டு ஓட்டணும், அவ்வளவுதான். புது ஃபில்டர் வாங்கியிருந்தா ரெண்டையும் ஒரு மாசம் சேர்த்தே ஓட்டுங்க, பழசுல இருந்து புதுசுக்குக் குடி பரவிடும். ஸ்பாஞ்ச் ரொம்ப அடைச்சிருந்தா, பழைய தொட்டித் தண்ணியை ஒரு பக்கெட்ல மொண்டு, அதுல ரெண்டு தடவை பிழிஞ்சா போதும். கல்லையும் அதே தண்ணியில அலசுங்க. மாத்தற நேரத்துல எதுவும் காயக் கூடாது, பக்கெட் தண்ணியிலயே ஊறட்டும். முடிஞ்சா அதுக்குள்ளே ஒரு ஏர் ஸ்டோன் போடுங்க.

இன்னொண்ணு. பாக்டீரியாவோட கூட்டம் அதுக்குக் கிடைக்கிற அம்மோனியா அளவுக்குத்தான் இருக்கும். நாலு மீனுக்கு வளர்ந்த கூட்டம் நாலு மீனைத்தான் தாங்கும், தொட்டி எவ்வளவு பெருசா இருந்தாலும். "இடம்தான் இருக்கே"ன்னு அன்னிக்கே பத்து மீன் வாங்கிட்டு வராதீங்க. வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டுன்னு விடுங்க.

இப்ப நம்ம ஊர்த் தண்ணிக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களோட ஃபுளோரைடு பிரச்னைக்காகக் கொண்டு வந்து, 2013-ல் திறந்து வெச்ச ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தெரியும்தானே? குடிநீர்னா குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்றதுக்குத்தான் அதைப் போடறாங்க, நல்லது கெட்டது அதுக்குத் தெரியுமா? அகன்ற வாய் வெச்ச பாத்திரத்துல பிடிச்சு, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வெச்சிருந்து ஊத்துங்க. அவசரம்னா மீன் கடையில ஹைப்போன்னு கேட்டா குடுப்பாங்க. பாக்கெட்டுல போட்டிருக்கற அளவு தாண்டக் கூடாது.

போர் தண்ணிக்குக் குளோரின் தொல்லை இல்லை, ஆனா பெரும்பாலும் உப்புத் தன்மையும் கடினமும் இருக்கும். இது பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாத்த சுமார் 7 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரத்தன்மை செலவாகும், கூடவே நாலரை கிராமுக்கு மேல ஆக்சிஜனும். ஆர்.ஓ. கேன் தண்ணியை மட்டும் ஊத்தினா அந்தக் காரம் இருக்காது, கொஞ்ச நாள்ல பி.எச். சரிஞ்சு பாக்டீரியா வேலைநிறுத்தம் பண்ணிடும். மீனுக்கு மட்டும் போர் தண்ணியில ஒரு ஆபத்து உண்டு. 25 டிகிரி சூட்டுல பி.எச். 7-ஆ இருந்தா மொத்த அம்மோனியாவுல அரை சதவீதத்தை ஒட்டித்தான் கொடிய வடிவத்துல இருக்கும். பி.எச். 8-க்குப் போனா அது அஞ்சு சதவீதத்தைத் தாண்டிடும். ஒரே அளவு அம்மோனியா, பத்து மடங்கு விஷம்!

ஏற்கெனவே எல்லாத்தையும் கழுவித் தொலைச்சவங்களுக்கு? கதை முடியலை. முதல்ல தீனியைக் குறைங்க. வளர்ந்த கோல்டு ஃபிஷ் ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. தினம் கால்வாசித் தண்ணியை மாத்துங்க, மொத்தமா கொட்டிக் கவிழ்க்காதீங்க. அந்த வெள்ளைக் கலங்கல் வேற வகை பாக்டீரியா பெருகறதால வர்றது, தானா தெளியும். நண்பர் வீட்டுல ஆரோக்கியமா ஓடற தொட்டி இருந்தா, அவரோட ஸ்பாஞ்ச்ல ஒரு துண்டு கேளுங்க. அங்கே மீனுக்கு நோய் எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, தொட்டித் தண்ணியிலயே முக்கி எடுத்துட்டு வாங்க. பாட்டில் பாக்டீரியாவும் கிடைக்குது. சிலது வேலை செய்யும். வெயில்ல மாசக்கணக்கா கிடந்த பாட்டில்னா, காசுக்குத் தண்ணி வாங்கின கதைதான்.

அந்த நீல மருந்து? பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. மிச்சம் மீதி இருக்கற நல்ல பாக்டீரியாவையும் அது காலி பண்ணிடும். அதுக்குக் குடுக்கற காசுல ஒரு அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட் பக்கமா போங்க. விலை கொஞ்சம் கடிக்கும்தான், நாலு பேர் சேர்ந்து பங்கு போட்டு வாங்கலாம். முதல்ல அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும். ரெண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிஞ்சா தொட்டி தோஞ்சாச்சு! நடுவுல நைட்ரைட் எகிறினா, லிட்டருக்கு 1 கிராம் வரைக்கும் கல்லுப்பு கரைச்சு ஊத்தலாம். உப்புல இருக்கற குளோரைடு, செவுள் வழியா நைட்ரைட் ரத்தத்துல ஏறாம தடுக்கும். அயோடின் கலந்த தூள் உப்பு வேண்டாம்.

மனசு வெறுத்துப் போய் மீனைப் பஞ்சப்பள்ளி சின்னாறு அணையில விட்டுடலாமான்னு மட்டும் யோசிக்காதீங்க ப்ளீஸ். "புண்ணியம்"னு தொட்டி மீனை விட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரி குளங்கள்ல சக்கர் மீன் பெருகி, வலை போடறவங்க தலையில அடிச்சுக்கறாங்க.

அப்புறம், அந்தப் பழைய 20 லிட்டர் தொட்டியைப் பரண்ல போட்டாலும் சரி, தம்பிக்குக் குடுத்தாலும் சரி. பெரிய தொட்டி ஃபில்டர் பக்கத்துல கூடுதலா ஒரு ஸ்பாஞ்சை மட்டும் எப்பவும் ஓட விட்டு வைங்க. அடுத்த தெருவுல யாராவது புதுத் தொட்டி வாங்கிட்டு உங்க வீட்டு வாசல்ல உறைமோர் கேட்டு நிக்கும்போது எடுத்துக் குடுக்கலாம்.