கடைக்காரிக்குக் காய்ச்சல் என்றால் வாடிக்கையும் போக வேண்டுமா?



எங்கள் சோனகத் தெருப் பக்கம் அபாயா, மசாலாத்தூள், வட்டிலப்பம் என்று கைப்பேசியிலேயே கடை நடத்தும் சகோதரிகள் இருக்கிறார்கள். இரவு 11 மணிக்கும் "விலை என்ன?" என்று கேட்கிறோம். பிள்ளைக்குச் சுகமில்லை என்று இரண்டு நாள் பதில் வராவிட்டால் வேறு கடைக்குப் போய்விடுகிறோம். கேட்டால், "முதலாளியின் முகத்துக்குத்தான் வாடிக்கை" என்கிறோம்.

இது தவறு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் தொழிலாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையில், அங்கத்தவர் வாங்கிய அளவுக்கு இலாபத்தில் பங்கு கிடைத்தது. கடையில் யார் நின்றாலும் கணக்கு ஒன்றுதான். வாடிக்கையைக் காத்தது முகம் அல்ல, எழுதிய விதி.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனத்தை ஓதும் நாம், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கை மட்டும் ஏன் வாய்ப்பேச்சாக விடுகிறோம்?

சகோதரிகளே, வாட்ஸ்அப் பிஸ்னஸ் இலவசம். பொருளையும் விலையையும் அதிலே போடுங்கள். இரவுக்குத் தானாகப் போகும் பதிலை வையுங்கள். பத்தாவது ஓடருக்கு என்ன கழிவு, பிழையான பொருளை எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று எழுதிவிடுங்கள். ஓடர்களை ஒரு கொப்பியில் பதிந்தால், நீங்கள் படுத்திருந்தாலும் வீட்டில் ஒருவர் பார்த்துக் கொடுக்கலாம்.

வாங்கும் நாமும் திருந்த வேண்டும். "தெரிந்த ஆள்தானே, எனக்கு மட்டும் குறையுங்கள்" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அவரைக் கைப்பேசியோடு கட்டிப்போடுகிறோம்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது எங்கள் சமூகம் கடைகளை இழந்தது. திரும்பி வந்து தொடங்கிய வியாபாரம் ஒரு தாயின் காய்ச்சலோடு முடியக் கூடாது.