மூட்டைக்குள்ளே என்ன இருக்கு? சொல்லிவிட்டுப் போடு!



தானே புயல் 2011-ல் முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2015 வெள்ளம் நெல்லைக் கொண்டுபோனது. கையில் காசு வர வேறு வழி தேடித்தான் நம்மில் பலர் கடன் வாங்கிக் கோழிக்கொட்டாய் போட்டோம். கொட்டாய் நம்முடையது. கரண்டு பில், தண்ணீர், தேங்காய்நார், ராத்திரி கண்விழிப்பு எல்லாம் நம்முடையது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. நமக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. அதிலும் தீவனம் கூடினால் பிடித்தம், குஞ்சு செத்தால் பிடித்தம்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது: ‘மூலிகை டானிக்’, ‘மூலிகைப் பவுடர்’. சிதம்பரம் பக்கம் நம் சங்கத்துக்காரர் ஒருவர் 3000 குஞ்சு இறக்கியிருந்தார். கம்பெனி ஆள் வந்து பாட்டிலைக் கொடுத்துத் தண்ணீரில் கலக்கச் சொன்னார். கலந்தார். கோழி ஏற்றிப் போன பிறகு கணக்குச் சீட்டைப் பார்த்தால் பாட்டில் காசு செலவில் ஏறி நிற்கிறது! “இதில் என்னங்க சார் இருக்கு?” என்று கேட்டதற்கு, “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்று பதில்.

அப்படியானால் மூலிகை பொய்யா? இல்லவே இல்லை. பூண்டு, மஞ்சள், சீரகம், ஓமம் இவற்றின் சாரம் கோழியின் குடலில் கெட்ட கிருமியைக் கட்டுப்படுத்தும், செரிமான நீரைச் சுரக்க வைக்கும். குடல் நன்றாக இருந்தால் தின்ற தீவனம் உடம்பில் ஒட்டும். கீழாநெல்லி ஈரலுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்தே தெரியும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் மூலிகை மருத்துவத்துக்கென்றே ஆராய்ச்சி மையம் வைத்து, மிளகு, சீரகம், வெங்காயம், வேப்பிலை, கொய்யா இலை என்று வரப்போரச் சரக்கைக் கொண்டே கோழிக்குக் கைவைத்தியம் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் அளவு முக்கியம். வேப்பிலை கூடினால் கசப்பில் கோழி தீவனத்தைத் தொடாது. முருங்கையிலை கூடினால் நார் கூடி எடை குறையும். கொட்டாயில் காற்றோட்டம் இல்லாமல், நார் ஈரமாய்க் கிடந்து அமோனியா கண்ணைக் கரித்தால் எந்த மூலிகையும் காப்பாற்றாது.

இந்தப் பேச்சு ஏன் இப்போது? சீக்கிரம் வளர வேண்டும் என்று தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய நாடுகள் 2006 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டன. 2014-ல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்ததில் நூற்றுக்கு 40-ல் ஆண்டிபயாடிக் மிச்சம் இருந்தது. மனிதனுக்குக் கடைசி நேரத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை போட்டது. மருந்துக்கு அடங்காத கிருமி முதலில் யார் வீட்டுக்கு வரும்? கொட்டாயில் நிற்பது நாம். கோழி எருவை வயலில் இறைப்பது நாம். நம் பிள்ளைகள் அதே களத்தில்தான் விளையாடுகிறார்கள்.

ஆகவே மூலிகையை வரவேற்கிறோம். ஆனால் ஒரு கணக்குக் கேட்கிறோம். மூலிகையால் கோழிக்கு 100 கிராம் தீவனம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். 3000 கோழிக்கு 300 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் 6 மூட்டை. கிலோ 40 ரூபாய் போட்டாலும் 12,000 ரூபாய்! அந்த மிச்சம் யார் பையில் விழுகிறது? பலன் கம்பெனிக்கு, பாட்டில் காசு நமக்கு என்றால் இது என்ன நியாயம்?

ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாட்டில் 2019-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. கால்நடையும் அதில் அடக்கம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்கிறது சட்டம். நம்மில் எத்தனை பேர் கையில் ஒப்பந்த நகல் இருக்கிறது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

நம் கோரிக்கைகள்:

1. தீவன மூட்டையிலும் டானிக் பாட்டிலிலும் என்னென்ன கலந்திருக்கிறது, ஆண்டிபயாடிக் உண்டா இல்லையா என்று தமிழில் அச்சடிக்க வேண்டும்.

2. கம்பெனி சொல்லிக் கலக்கும் மருந்தின் விலையை வளர்ப்பவர் கணக்கில் ஏற்றக் கூடாது. மிச்சமாகும் தீவனத்தில் நமக்கும் பங்கு வேண்டும்.

3. அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலமும், விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையமும், கால்நடை பராமரிப்புத் துறையும் சேர்ந்து நம் கொட்டாய்களிலேயே சோதனை நடத்த வேண்டும். ஒரு கொட்டாயில் மூலிகையோடு, ஒரு கொட்டாயில் மூலிகை இல்லாமல் வளர்த்து, முடிவை நம்மிடம் தமிழில் சொல்ல வேண்டும்.

4. மூலிகைச் சரக்கை இந்த மாவட்ட விவசாயிகளிடமே நியாய விலைக்கு வாங்க வேண்டும்.

5. ஒப்பந்த நகலைத் தமிழில், கையெழுத்துப் போடும் அன்றே கொடுக்க வேண்டும்.

தோழர்களே! அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தன்று கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் கூடுவோம். வரும்போது கடைசி மூன்று பேட்ச் கணக்குச் சீட்டையும், ஒரு காலித் தீவன மூட்டையையும் கையோடு கொண்டு வாருங்கள். பேச்சு வேண்டாம், அந்த மூட்டையே பேசட்டும்.

ஒன்றுபடுவோம்! உழைப்புக்கு உரிய கூலி பெறுவோம்!