மட்டை யாருடையது? தொடக்கப் பள்ளி மைதானத்தில் நுழையும் ஊர்

ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளைச் சாதிப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்ற புகாரை விசாரிப்பதற்காக, தென்மாவட்டம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் சென்றிருந்தோம். தலைமை ஆசிரியர் வரும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தபோது பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து சீமைக் கருவேலம் புதருக்குள் போகும்போதெல்லாம் அதை எடுக்க ஓடியவர்கள் அதே மூன்று சிறுவர்கள். அரை மணி நேரத்தில் அந்த மூவரில் ஒருவர் கையிலும் மட்டை வரவில்லை. ஒருவனை அழைத்துக் கேட்டோம். "பேட்டு அவங்க வீட்டுது சார். நாங்க பொறுக்கிப் போடுவோம்" என்றான். அவன் குரலில் வருத்தம் இல்லை. நான்காம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு அது உலக நியதியாகிவிட்டிருந்தது.

நாங்கள் கொண்டுபோன புகாரைவிட அந்தப் பதில் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது. ஆசிரியர் சொன்ன சொல்லுக்குச் சட்டத்தில் பிரிவு உண்டு. மட்டை கிடைக்காமல் போனதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் பதிவது?

பள்ளிச் சாதியம் பற்றிய நம் பொதுவிவாதம் பெரும்பாலும் வன்முறை நிகழ்ந்த பிறகே தொடங்குகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகே நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு தலித் மாணவர் வெட்டப்பட்டபோது, கபடிப் போட்டியில் எதிரணியைத் தோற்கடித்ததே காரணம் என்று அவருடைய குடும்பத்தினர் கூறினர். அரிவாள் பதினாறு வயதில் கைக்கு வருகிறது. ஆனால் யார் ஜெயிக்கலாம், யார் பந்து பொறுக்க வேண்டும் என்ற பாடம் எட்டு வயதிலேயே முடிந்துவிடுகிறது.

அரசு விட்ட இடம்

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுக் கருவிகளும் வேண்டும் என்கிறது. அதே அட்டவணை, உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டுமே கட்டாயமாக்குகிறது. ஆகத் தொடக்கப் பள்ளியின் மைதானத்தில் விளையாட்டைக் கவனிப்பதற்கென்று பெரியவர் எவரும் இல்லை. அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதே சட்டத்தின் அளவு. ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் இருவர் இடைவேளையில் பதிவேடு எழுதுவார்களா, மைதானத்தில் நிற்பார்களா?

பள்ளி மட்டை வாங்கித் தராதபோது வீட்டு மட்டை வருகிறது. வீட்டு மட்டையோடு வீட்டின் சட்டமும் வருகிறது. மட்டை பள்ளியுடையதாக இருந்திருந்தால் முறை வைத்து ஆடியிருக்க முடியும். அரசு விட்டுவைக்கும் ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஊர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் களப்பணியில் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான்.

கழிப்பறையைப் பாருங்கள். தூய்மைப் பணியாளர் இல்லாத பள்ளியில் அந்த வேலை யார் கைக்குப் போகும் என்பதை ஊர் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறது. ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை 2022இல் கைது செய்யப்பட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, பெற்றோர் விசாரித்த பிறகே செய்தி வெளியே வந்தது. காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்?

மிட்டாய்க் கடையும் பள்ளி வாழ்வின் பகுதிதான். சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் 2022 செப்டம்பரில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரர் அதைத் தாமே காணொளியாகப் பதிவு செய்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது. காணொளி இல்லாத கடைகள் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை.

அரசு வெற்றிடத்தை நிரப்பினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பசியோடு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது பெரும் ஆறுதல். அடுத்த சில வாரங்களிலேயே கரூர், தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். ஆட்சியரும் மக்கள் பிரதிநிதிகளும் நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. பொருளைத் தரும் அரசு, அந்தப் பொருளுக்குப் பின்னால் உறுதியாக நிற்கவும் வேண்டும் என்பதே அதில் கிடைக்கும் பாடம்.

தொட்ட பந்தும் தொடாத கோப்பையும்

விளையாட்டு தானாகவே சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புவோர் பல்வங்கர் பாலுவின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய தலித் பந்துவீச்சாளர் அவர். புனேவில் அவர் கை பட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீரோ அவருக்கு அரங்குக்கு வெளியே, தூக்கியெறியும் மண் கோப்பையில் தரப்பட்டது. அவருடைய தம்பி விட்டல் 1923இல் இந்துக்கள் அணியின் தலைவரானது திறமை ஒன்றால் மட்டும் நிகழவில்லை. அதற்குப் பின்னால் நெடுங்காலக் கோரிக்கையும் எதிர்ப்பும் இருந்தன. மைதானம் சமமாவது விதியால். அந்த விதியை நடைமுறைப்படுத்தும் ஆளால்.

அன்பு பற்றியும் இதையே சொல்வோம். பிள்ளைகளிடம் அன்புக்குப் பஞ்சமில்லை. அதே பள்ளியில் ஊர்த்தெருப் பெண்பிள்ளை ஒருத்தி, வாசிக்கத் திணறும் காலனித் தோழிக்கு விரல் வைத்து எழுத்துக் கூட்டிக் காட்டியதைப் பார்த்தோம். மாலையில் இருவரும் கைகோத்து நடந்தார்கள். பாதை பிரியும் இடத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டு தனித்தனியாகப் போனார்கள். அந்த இடத்தில் கை விட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். நீதிபோதனை வகுப்பில் பிள்ளைகளுக்கு அன்பைப் போதிக்கும் நாம், அந்தப் பெரியவர்களிடம் எதையும் கேட்பதில்லை.

கற்றலும் இதனோடு பிணைந்தது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. அவன் பின்தங்கினால் 'மெல்லக் கற்பவர்' என்று பெயர் விழுகிறது. கடைசி வரிசைக்குப் போகிறான். கடைசி வரிசை முழுவதும் ஒரே தெருப் பிள்ளைகளாக இருக்கும்போது அது கற்றல் திறனின் வரிசையா, சாதியின் வரிசையா? உதவித்தொகை விவரத்துக்காக வகுப்பின் நடுவே எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. இத்தகைய தகவல்களைத் தனியே, மறைவாகத் தெரிவிக்க வேண்டும் என்று சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை பரிந்துரைத்தது. அதற்குப் பணம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும் அதைப் பின்பற்றும் மனமும் போதும்.

வழக்கும் வகுப்பறையும்

எங்கள் மீதும் ஒரு விமர்சனம் உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிவானதை வெற்றியாக எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். அன்று புகார் கொடுத்த தாய் எங்களிடம் கேட்டார்: "கேசு போட்டா எம்புள்ள நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்?" அடுத்த பள்ளி ஐந்து கிலோமீட்டர் தொலைவில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதுகாப்பு, மறுவாழ்வு, இடமாற்றம் ஆகியவற்றைப் பேசுகிறது. ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளை தன் நண்பர்களையும் தன் பள்ளியையும் விட்டு ஏன் போக வேண்டும்? அந்தத் தாய்க்கு அப்போது எங்களிடம் பதில் இல்லை.

கடுங்குற்றம் நடந்தால் வழக்குதான் வழி. அதில் சமரசத்துக்கு இடமில்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கல்வி நிறுவனத்தில் நுழைவதையும் ஊரின் பொதுவளங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பது 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றம். ஆனால் மட்டை, வரிசை, தண்ணீர்க் குடம் போன்ற அன்றாட இழிவுகளுக்கு நாம் போதிய அளவு எடுத்தாளாத கருவிகள் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன.

பிரிவு 8(சி), 9(சி) ஆகியவை நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் பார்த்துக்கொள்வதை அரசின், உள்ளாட்சியின் கடமையாக்குகின்றன. பிரிவு 17 உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரிவு 32இன்படி எழுத்துமூலம் புகார் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரிவு 21: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடம். பல ஊர்களில் நம் தாய்மார்கள் அந்தக் குழுவில் கையெழுத்துப் போட மட்டும் அழைக்கப்படுகிறார்கள்.

அந்தப் பள்ளியில் இரண்டு தாய்மார்கள் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய்வரை விளையாட்டு மானியம் உண்டே, அதில் என்ன வாங்கினீர்கள்? சில வாரங்களில் பள்ளிக்கென இரண்டு மட்டைகளும் ஒரு கைப்பந்தும் வந்தன. யார் எப்போது ஆடுவது என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டச் செய்தார்கள். ஆசிரியர் மீதான புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. ஊரும் அப்படியே இருக்கிறது. ஆனால் மட்டை இப்போது எவர் வீட்டுடையதும் அல்ல.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் தெளிவானவை. சந்துரு குழுவின் பரிந்துரைகளில் தொடக்கப் பள்ளிக்குப் பொருந்துவனவற்றைக் காலவரையறையோடு அரசாணையாக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் தூய்மைப் பணியாளரை நியமிக்க வேண்டும். இடைவேளை விளையாட்டைக் கவனிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். மேலாண்மைக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் பாகுபாடு பற்றிய கேள்வி நிரந்தர நிகழ்ச்சிநிரலாக இருக்க வேண்டும். புகார் எழும்போது இடம் மாற வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்ட ஊழியரே, பிள்ளை அல்ல என்பது விதியாக வேண்டும்.

இந்தக் கடைசி விதி வந்தால்தான் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியும்: நாளைக்கும் இதே பள்ளிக்கூடத்துக்குத்தான்.