நாலு நாற்காலி போதும்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. சென்னையே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் சிம்பொனி, சிம்பொனி என்று பேசுகிறவர்கள் அதன் சின்னத் தம்பியைப் பற்றிப் பேசுவதே இல்லையே, ஏன்?

அந்தத் தம்பியின் பெயர் ஸ்ட்ரிங் குவார்டெட். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் வளர்த்தெடுத்த வடிவம் இது. பாடகரின் குரல், பாடல் வரி, ஹீரோ முகம் என்று எதன் பின்னாலும் இசையமைப்பாளர் ஒளிந்துகொள்ள முடியாது. 'ராபின் ஹூட்' (1938) படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய கோர்ன்கோல்ட், ஹாலிவுட் போவதற்குப் பல வருடங்கள் முன்பே, வியன்னாவில் இருந்தபோது குவார்டெட் எழுதியவர்.

நம்ம ஊரிலும் இதற்கு விதை இருந்தது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா, 1986ல் 'ஹவ் டு நேம் இட்' தந்தார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) படத்தின் இசையமைப்பாளரும் அவரேதான். பிறகு அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் தொடங்கினார். தியாகராஜர் கீர்த்தனையை ஒரு வயலின் பாட, மற்ற மூன்றும் ஹார்மனி சேர்க்கும். சங்கதி குலையாது, ராகமும் கெடாது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிம்பொனிக்கு எண்பது பேர் வேண்டும். குவார்டெட்டுக்கு நாலு நாற்காலி போதும். மயிலாப்பூர், தி.நகர் சபா மேடைகளில் தாராளமாக இடம் இருக்கிறது. வாசிக்க ஆளும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கோடம்பாக்கம் ரெக்கார்டிங்கில் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்த கலைஞர்களின் வேலையில் பெரும்பகுதியைக் கீபோர்டு விழுங்கிவிட்டது. ஒரு தலைமுறை வில்லை உறையில் போட்டு மூடிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

"கூட்டம் வருமா சார்?" என்பார்கள். மார்கழி மதியக் கச்சேரிகளுக்கு மட்டும் என்ன கூட்டம் அலைமோதுகிறதா? முப்பது பேர் வந்தாலும் சபாக்கள் அதை நடத்துகின்றன. ஏன்? நாளைய வித்வான் அங்கேதான் உருவாகிறார் என்ற நம்பிக்கைதான்.

அதே நம்பிக்கையில் ஒரே ஒரு மதியத்தை நாலு பேருக்கு ஒதுக்கலாம். சினிமாவில் நுழையத் துடிக்கும் இளம் இசையமைப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர்களுக்காகவே இருபது நிமிடம் புதிதாக எழுதச் சொல்லலாம். நல்லதோ, சுமாரோ, அது இந்த ஊரில் பிறந்ததாக இருக்கும். அதற்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை, லஸ் கார்னர் வரை வந்தால் போதும்.